மோப்ப செல் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் விதம்

தவளையின் மூக்கிலிருந்தோ சுண்டெலியின் மூக்கிலிருந்தோ ஒரே ஒரு மோப்ப செல்லைப் பிரித்தெடுக்கிறார்கள். அதன் உடற்பகுதியை ஒரு கண்ணாடிக் குழாயின் நுனிக்குள் மெல்ல உறிஞ்சி நிறுத்துகிறார்கள். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அகலம்தான் அந்த நுனிக்கு. செல்லின் மெல்லிய இழைகள் குழாய்க்கு வெளியே, ஓடிக்கொண்டிருக்கும் உப்புக் கரைசலில் அலைகின்றன. ஒரு விநாடிக்கு மட்டும் அந்தக் கரைசலுக்குப் பதிலாக மணப்பொருள் கலந்த கரைசலை ஓடவிடுகிறார்கள். திரையில் மின்னோட்டக் கோடு ஒரு கணம் தயங்கி, சட்டென்று எழும்பி, உச்சத்தைத் தொட்டு, மணம் விலகியதும் தரைக்கு இறங்குகிறது.

இரண்டு மூன்று விநாடி கழித்து அதே மணத்தை அதே அளவில் மறுபடி கொடுத்தால் கோடு முன்பு எழுந்த உயரத்துக்கு எழுவதில்லை. பத்து விநாடி போல விட்டுக் கொடுத்தால் ஏறக்குறைய பழைய உயரம் திரும்பிவிடுகிறது.

இந்த எளிய சோதனையில் இரண்டு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. மணம் போனதும் கோடு தரைக்கு இறங்குகிறதே, அது ஒன்று; அதை ‘அணைதல்’ என்று வைத்துக்கொள்வோம். அடுத்த முறை கோடு குட்டையாக எழுகிறதே, அது இன்னொன்று. அதைத் ‘தணிதல்’ எனலாம். நெடுங்காலம் இவ்விரண்டையும் ஒரே காரியத்தின் இரு முகங்களாகவே எழுதிவந்தார்கள். எது செல்லைத் தணிக்கிறதோ அதுதான் அணைக்கவும் செய்கிறது என்பது எழுதாத விதியாக இருந்தது. கடந்த இருபது ஆண்டுகளில் சுண்டெலிகளின் மரபணுக்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தபோது அந்த விதி பல இடங்களில் உடைந்தது. இந்தத் துறையில் என்னை அதிகம் ஈர்த்த பகுதி அந்த உடைசல்தான்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. புதிதாக வண்ணம் பூசிய அறைக்குள் நுழைந்து ஐந்து நிமிடத்தில் வண்ண வாடையை மறந்துபோகிறோம். இதில் மூளையின் பங்கு பெரிது. மூக்கின் செல்கள் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாலும், மாறாத செய்தியை மூளையின் மோப்பப் புறணி விரைவில் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது. அது தனிக்கதை. இங்கே பேச்சு செல்லைப் பற்றி மட்டும்.

அணைவதைப் புரிந்துகொள்ள, பற்றுவது எப்படி என்று பார்த்தாக வேண்டும். மூக்கின் மேற்கூரையில் ஒரு சிறு திட்டு. அதில் லட்சக்கணக்கான மோப்ப செல்கள் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொரு செல்லும் ஒரு நரம்பு செல். ஒரு முனை மூளைக்குப் போகிறது, மறுமுனை சளிப்படலத்துக்குள் நீட்டி, ஒரு குமிழாகி, அதிலிருந்து பத்து இருபது இழைகளாகப் பிரிகிறது. பாடநூல்கள் இவற்றைக் குற்றிழைகள் என்கின்றன. மணத்தைப் பிடிக்கும் ஏற்பிப் புரதங்கள் இந்த இழைகளில்தான் இருக்கின்றன. மனிதரிடம் சுமார் 400 வகை ஏற்பிகள். சுண்டெலியிடம் ஆயிரத்துக்கும் மேல். முதிர்ந்த செல் ஒவ்வொன்றும் இவற்றில் ஒரே ஒரு வகையைத்தான் வைத்துக்கொள்கிறது. இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் இருவரும் 1991-இல் கண்டுபிடித்தார்கள். 2004-இல் நோபல் பரிசு வந்தது.

மணமூலக்கூறு ஏற்பியில் ஒட்டினால், ஏற்பி உள்பக்கம் இருக்கும் ஜி புரதம் ஒன்றை உசுப்புகிறது. அது அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதியை முடுக்குகிறது. அந்த நொதி, செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறுகளைப் பிடித்து சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு செய்தி மூலக்கூறாக மாற்றுகிறது. இழையின் சவ்வில் சைக்ளிக் ஏஎம்பி ஒட்டினால் திறக்கும் அயனி வாயில்கள் உண்டு. அவை திறந்ததும் சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்கின்றன. இதுவரை நடந்தது ஒரு பாதிதான்.

மறுபாதியில் ஒரு விசித்திரம் இருக்கிறது. உள்ளே வந்த கால்சியம் வேறொரு வாயிலைத் திறக்கிறது; அதன் வழியாகக் குளோரைடு வெளியேறுகிறது. பெரும்பாலான நரம்பு செல்களில் குளோரைடு வாயில் திறந்தால் குளோரைடு உள்ளே வந்து செல்லை அமைதிப்படுத்தும். மோப்ப செல்லோ குளோரைடை முன்கூட்டியே தனக்குள் சேமித்து வைத்திருக்கிறது. அதனால் வாயில் திறந்ததும் அது வெளியே ஓடுகிறது. எதிர்மின்சுமை வெளியே போனால், நேர்மின்சுமை உள்ளே வந்ததற்குச் சமம். எலி, சுண்டெலிச் செல்களில் உச்சத்தில் ஓடும் மின்னோட்டத்தின் பெரும்பகுதி இந்தக் குளோரைடால் வருவது. சில அளவீடுகளில் 80 சதவீதத்தையும் தாண்டுகிறது. தீக்குச்சி சைக்ளிக் ஏஎம்பி, விறகு குளோரைடு. இந்த வாயிலின் புரதம் எது என்று 2009-இல்தான் உறுதியானது: அனாக்டமின்-2.

இந்தக் குளோரைடை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அணைதலின் கடைசிக் கட்டம் இதைச் சுற்றித்தான் நடக்கிறது.

இப்போது மணம் விலகிவிட்டது. தொடரின் முதல் கண்ணியான ஏற்பியிலிருந்து தொடங்குவோம்.

கண்ணின் ஒளி செல்லிலும் இதே போன்ற ஏற்பி, இதே போன்ற ஜி புரதம். அங்கே ஒரே ஒரு ஒளித்துகள் பட்ட ஏற்பி அணையும் முன் பல ஜி புரதங்களை உசுப்பிவிடுகிறது. அதனால் கண்ணில் ஏற்பியை அணைப்பது பெரிய வேலை. அதற்கென்றே ஒரு நொதியும் அரெஸ்டின் என்ற மூடிப் புரதமும் காத்திருக்கின்றன. மூக்கும் இப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மோப்ப செல்லிலும் அதே வகை நொதியும் அரெஸ்டினும் கிடைத்தபோது எதிர்பார்ப்பு கெட்டிப்பட்டது. 2005-இல் தவளைச் செல்களில் செய்த அளவீடு வேறு கதை சொன்னது. மணமூலக்கூறு ஏற்பியில் ஒட்டியிருக்கும் நேரம் ஆயிரத்தில் ஒரு விநாடி அளவுதான், அதற்கும் குறைவாகக்கூட இருக்கலாம். அந்த நேரத்துக்குள் ஒரே ஒரு ஜி புரதத்தை உசுப்பும் வாய்ப்புகூட மிகக் குறைவு. பெரும்பாலான மூலக்கூறுகள் வந்து, தொட்டு, எதுவும் நடக்காமல் போய்விடுகின்றன.

ஆகவே ஏற்பியை அணைக்கத் தனி ஏற்பாடு ஏதும் தேவையில்லை. மணமூலக்கூறு உதிர்ந்தாலே அது அணைந்துவிடுகிறது. சளிப்படலத்தில் மிதக்கும் நொதிகள் மணமூலக்கூறுகளைச் சிதைத்தும் மாற்றியும் அவை மறுபடி ஒட்டாமல் பார்த்துக்கொள்கின்றன. அரெஸ்டினுக்கு வேலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மணம் நெடுநேரம் நீடித்தால் ஏற்பிகளைச் சவ்விலிருந்து உள்ளே இழுத்துக்கொள்வதில் அதற்குப் பங்கு இருப்பதாக ஆய்வுகள் உண்டு. ஒரு விநாடி மணத்துக்கு அது தேவைப்படுவதில்லை. உசுப்பப்பட்ட ஜி புரதமும் தன்னிடம் ஒட்டியுள்ள ஜிடிபி மூலக்கூறைத் தானே உடைத்துக்கொண்டு ஓய்கிறது.

அடுத்து சைக்ளிக் ஏஎம்பி. உண்டாக்குவது நின்றுவிட்டாலும், ஏற்கெனவே உண்டானது இழைக்குள் மிதந்துகொண்டுதானே இருக்கும்? அதை அழிக்க பாஸ்போடைஎஸ்டரேஸ் என்ற நொதிக் குடும்பம் இருக்கிறது. இங்கேதான் துறைக்கு ஓர் அடி விழுந்தது.

மோப்ப செல்லில் இந்தக் குடும்பத்தின் இரண்டு உறுப்பினர்கள் உண்டு. பிடிஇ1சி என்பது குற்றிழைகளுக்குள் இருப்பது. அதுவும் கால்சியம் ஏறினால் வேகமெடுக்கும் வகை. பிடிஇ4ஏ என்பது செல்லின் மற்றப் பகுதிகளில் எல்லாம் இருக்கிறது, குற்றிழைகளில் மட்டும் இல்லை. இதைப் படிக்கும் எவரும் என்ன முடிவுக்கு வருவார்கள்? சைக்ளிக் ஏஎம்பி உண்டாகும் இடத்திலேயே, கால்சியம் ஏறும் நேரத்திலேயே சுறுசுறுப்பாகும் நொதி. அணைக்கும் விரல் இதுதான் என்று எழுதிவிடுவார்கள். எழுதியும் விட்டார்கள். பாடப் படங்களில் அந்த அம்புக்குறி இன்றும் இருக்கிறது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு ஒன்று பிடிஇ1சி மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உண்டாக்கி 2009-இல் முடிவை வெளியிட்டது. மணம் போனதும் அந்த எலிகளின் மோப்ப செல்கள் வழக்கம்போலவே உடனடியாக அணைந்தன. தாமதம் எதுவும் இல்லை. பிடிஇ1சி, பிடிஇ4ஏ இரண்டையும் நீக்கியபோதுதான் அணைவது இழுத்துக்கொண்டே போனது.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். குற்றிழையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐந்தாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு ஒடுங்கிய குழாய்க்குள் சைக்ளிக் ஏஎம்பி உண்டாகிறது. உள்ளே அதை அழிக்க ஆளில்லை என்றால், அது இழை வழியே பரவி வெளியேறி, செல்லின் உடலுக்கு வந்து, அங்கே காத்திருக்கும் பிடிஇ4ஏ-யிடம் சிக்கி அழிகிறது. அதாவது வடிந்து போவதே ஒரு வழி. தொட்டிக்கு உள்ளேயும் உறிஞ்சலாம், ஓரத்து ஓட்டை வழியே வடியவும் விடலாம். ஏதோ ஒன்று இருந்தால் போதும். பிடிஇ1சி இல்லாத செல்களில் வேறு குறை தெரிந்தது: உணர்திறன் குறைந்தது, அடுத்தடுத்த மணங்களுக்குத் தணிவதும் குறைந்தது. அணைக்க வந்ததாக நினைத்த நொதி உண்மையில் தணிதலில் கை வைத்திருந்தது.

இதற்கு நேரெதிரான கதை இன்னொன்று உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சுவாரசியம் கூடும்.

கால்சியம் உள்ளே வந்ததும் கால்மோடுலின் என்ற சிறு புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த ஜோடி, சைக்ளிக் ஏஎம்பி திறந்த வாயிலின் மேல் வேலை செய்து, அது சைக்ளிக் ஏஎம்பியிடம் காட்டும் ஈர்ப்பைக் குறைக்கிறது. வாயில் வழியே உள்ளே வந்த கால்சியமே அதே வாயிலைச் சாத்தவும் செய்கிறது. இதை 1994-இல் சென், யாவ் ஆகியோர் காட்டினார்கள். 1997-இல் குராஹாஷியும் மெனினியும் இதற்கு ஒரு நேர்த்தியான சோதனையைச் சேர்த்தார்கள். மணத்தையே விட்டுவிட்டு, ஒளி பட்டால் மட்டும் விடுபடும்படி பூட்டிய சைக்ளிக் ஏஎம்பியை நீர்ப்பல்லியின் மோப்ப செல்லுக்குள் நிரப்பினார்கள். ஒளியைப் பாய்ச்சிப் பாய்ச்சி அதை விடுவித்தார்கள். ஏற்பி, ஜி புரதம், நொதி மூன்றுமே இந்த விளையாட்டில் இல்லை; இருந்தும் செல் தணிந்தது. ஆகவே தணிதல் வாயிலிலேயே நடக்கிறது என்றார்கள். அன்றைக்கு அது அசைக்க முடியாத வாதம்.

அந்த வாயில் மூன்று வகைத் துண்டுகள் சேர்ந்த ஒன்று. அவற்றில் ஒரு துண்டில் கால்மோடுலின் ஒட்டும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்த சுண்டெலிகளை அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2008-இல் பரிசோதித்தது. எதிர்பார்ப்பு, தணிதல் கெட்டுப்போகும் என்பது. கெட்டது அணைதல். மணம் போன பிறகும் மின்னோட்டம் நீண்டது. அடுத்த மணத்துக்கான உணர்திறனில் மாற்றம் தெரியவில்லை.

பிடிஇ1சி அணைப்பதற்கு என்றார்கள், தணிப்பதில் அது தெரிந்தது. கால்மோடுலின் தணிப்பதற்கு என்றார்கள், அணைப்பதில் அது தெரிந்தது. இரண்டு சட்டைகளும் மாறிப்போனது போல. மூன்றாவது ஒரு சந்தேக நபரும் இருந்தது: கால்சியத்தால் இயங்கும் இன்னொரு நொதி, அடினைலில் சைக்ளேஸில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பாஸ்பேட்டை ஒட்டி அதை அடக்குகிறது என்ற கருத்து 1998 முதல் பரவியிருந்தது. 2012-இல் அந்த ஒரே இடத்தை மாற்றிய எலிகள் வந்தன. அணைதலிலும் தணிதலிலும் குறிப்பிடும்படி எந்த வித்தியாசமும் இல்லை.

இவற்றையெல்லாம் பார்த்துச் சிலர் ‘பழைய ஆய்வுகள் தவறு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீர்ப்பல்லியின் தனிச் செல்லில் ஒளி பாய்ச்சிக் கண்டதும், சுண்டெலியின் மூக்குத் திசுவில் மின்முனை வைத்துக் கண்டதும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். முதலாவது, ‘இந்த வழி இருக்கிறதா?’ என்று கேட்டது. இரண்டாவது, ‘இந்த வழியை அடைத்தால் செல் தடுமாறுமா?’ என்று கேட்டது. ஒரே வேலைக்கு நாலு வழி இருக்கும் செல்லில் ஒன்றை அடைத்தால் தடுமாற்றம் தெரியாமலேயே போகலாம்.

அத்தனை வழிகளிலும் பொதுவாக இருப்பது கால்சியம். வெளிக் கரைசலில் கால்சியத்தை எடுத்துவிட்டு அதே சோதனையைச் செய்தால் மின்னோட்டம் நீள்கிறது, தணிதல் ஏறக்குறைய மறைந்துபோகிறது. இந்தப் பழைய முடிவை யாரும் மாற்றவில்லை.

இங்கே குளோரைடுக்குத் திரும்புவோம். சைக்ளிக் ஏஎம்பி அழிந்துவிட்டது, முதல் வாயில்கள் மூடிவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். செல் அணைந்துவிட்டதா? இல்லை. ஏற்கெனவே உள்ளே வந்த கால்சியம் குளோரைடு வாயில்களைத் திறந்தே பிடித்திருக்கிறது. மின்னோட்டத்தின் பெரும்பகுதி அதுதான் என்று பார்த்தோம். தீக்குச்சி அணைந்தும் விறகு எரிகிறது. கால்சியம் வெளியே போனால்தான் விறகு அவியும்.

வெளியேற்றுவது எளிதல்ல. ஓய்வில் உள்ள செல்லுக்குள் தனித்து மிதக்கும் கால்சியத்தைவிட வெளியே இருப்பது பத்தாயிரம் மடங்குக்கும் மேல். இவ்வளவு பெரிய மேட்டில் கால்சியத்தைத் தள்ளி ஏற்ற வேண்டும். இந்த வேலையை முக்கியமாகச் செய்வது சோடியத்தை உள்ளே விட்டு அந்த வேகத்தில் கால்சியத்தை வெளியே தள்ளும் ஒரு மாற்றுப் புரதம், பெயர் என்சிகேஎக்ஸ்4. கணக்கு இப்படி: நான்கு சோடியம் உள்ளே வந்தால், ஒரு கால்சியமும் ஒரு பொட்டாசியமும் வெளியே போகின்றன. பொட்டாசியத்தையும் கூடவே சேர்த்துக்கொள்வது வீண் செலவல்ல. பொட்டாசியம் செல்லுக்குள் அதிகம், வெளியே குறைவு; அது வெளியே இறங்கும் சரிவும் கால்சியத்தைத் தள்ளக் கூடுதல் விசை தருகிறது.

2012-இல் என்சிகேஎக்ஸ்4 இல்லாத சுண்டெலிகளைப் பற்றிய முடிவு வந்தது. இந்த முறை எதிர்பார்த்தது நடந்தது, எதிர்பார்த்ததற்கு மேலும் நடந்தது. மணம் போன பின்னும் மோப்ப செல்களின் மின்னோட்டம் வெகுநேரம் நீண்டது. தணிதலும் கூடிப்போனது, மிச்சமிருந்த கால்சியம் அடுத்த மணத்துக்கான எழுச்சியை அமுக்கிவிட்டது. அணைதல், தணிதல் இரண்டையும் ஒரே அடியில் பாதித்த மாற்றம் இது. அந்த எலிகளின் எடை குறைவாக இருந்தது. மோப்பத்தை நம்பிச் செய்ய வேண்டிய சோதனையில் பின்தங்கின. மற்ற எலிகளில் வரைபடத்தில் மட்டும் தெரிந்த கோளாறு, இங்கே விலங்கின் உடம்பிலும் நடத்தையிலும் தெரிந்தது. அணைதல் என்ற நீண்ட வரிசையில் ஒரே ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் என்சிகேஎக்ஸ்4-ஐத்தான் காட்டுவேன்.

மூளைக்கு எது போகிறது?

இதுவரை மின்னோட்டத்தின் கோட்டைப் பற்றியே பேசினேன். அந்தக் கோடு மூளைக்குப் போவதில்லை. போவது மின்துடிப்புகள். கோடு ஏறும்போது செல் படபடவென்று சில துடிப்புகளை விடுகிறது. கோடு உச்சத்தில் நிற்கும்போது பெரும்பாலும் துடிப்பு நின்றுபோயிருக்கும். காரணம், மின்துடிப்பை உண்டாக்கும் சோடியம் வாயில்கள் செல்லின் மின்னழுத்தம் ஏறியே நின்றால் முடங்கிவிடும். அழுத்தம் இறங்கினால்தான் மறுபடி தயாராகும். ஆக, மின்னோட்டம் பலமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே செல் மூளையிடம் பேசுவதை நிறுத்திவிடுகிறது.

இதனால்தான் அனாக்டமின்-2 பற்றிய கதையும் தலைகீழானது. குளோரைடு வாயில் சிறு எழுச்சியைப் பெரிதாக்கும் ஒலிபெருக்கி என்று நினைத்திருந்தார்கள். பெர்லினில் 2011-இல் அதை நீக்கிப் பார்த்தார்கள்; அந்த எலிகள் மோப்பச் சோதனைகளில் பெரிய குறையில்லாமல் தேறின. இத்தனை பெரிய மின்னோட்டம் வீணா என்ற கேள்வி எழுந்தது. 2016-இல் தனிச் செல்களின் துடிப்புகளை எண்ணிப் பார்த்தபோது விடையின் ஒரு பகுதி கிடைத்தது: குளோரைடு வாயில் இல்லாத செல்கள் கூடுதலாக, நீண்ட நேரம் துடித்தன. குளோரைடு மின்னோட்டம் எழுச்சியைப் பெரிதாக்கும் அதே கையால் துடிப்புத் தொடரைச் சுருக்கியும் விடுகிறது. அதே ஆய்வில், இந்த எலிகள் பழக்கமில்லாத மணமுள்ள பொருளைத் தேடும்போது சிரமப்பட்டதும் தெரிந்தது.

செல் இப்படிப் பேச்சைச் சுருக்கிக்கொள்ள ஒரு நல்ல காரணம் உண்டு. விலங்குகள் மூச்சு மூச்சாக முகர்கின்றன. ஓய்வில் உள்ள சுண்டெலி விநாடிக்கு இரண்டு மூன்று முறை மூச்சிழுக்கும். எதையாவது ஆராயும்போது பத்து முறை வரை போகும். ஒவ்வொரு மூச்சும் தனிச் செய்தியாக இருக்க வேண்டுமானால், அடுத்த மூச்சுக்கு முன் செல் ஓய்ந்து தயாராக வேண்டும். ஆராயும் வேகத்தில் தனிச் செல்லின் மின்னோட்டம் முழுதாகத் தரைக்கு வருவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. அணைதலில் பத்தில் ஒரு விநாடி தாமதம்கூட இரண்டு மூச்சுகளை ஒன்றாகக் குழப்பிவிடும்.

மோப்ப செல்லில் ஏராளமாக இருந்தும் வேலை என்னவென்று பல பத்தாண்டுகள் பிடிபடாமல் இருந்த ஒரு புரதமும் இங்கே வந்து சேர்கிறது: மோப்ப அடையாளப் புரதம். பெயரிலேயே அடையாளம்தான் இருக்கிறது, வேலை இல்லை. அது சைக்ளிக் ஏஎம்பியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பஞ்சு போலச் செயல்படுகிறது என்று 2020-இல் காட்டினார்கள். அது இல்லாத செல்களில் சைக்ளிக் ஏஎம்பி தேங்கி, மின்னழுத்தம் ஏறியே நின்று, மேலே சொன்ன அதே முடக்கத்தில் செல் ஊமையாகிவிடுகிறது. மிகையாக எரிந்தாலும் ஒருவகையில் அணைந்ததுதான்.

தணிவதும் களைப்பதும் வேறு

‘மூக்கு களைத்துவிட்டது’ என்று சொல்வது வழக்கம். செல்லின் மட்டத்தில் அது பொருந்தாத சொல். களைத்த தசையால் முழு பலத்தைக் காட்ட முடியாது. தணிந்த மோப்ப செல்லுக்கு மணத்தின் செறிவைப் போதிய அளவு கூட்டிக் கொடுத்தால் அது மறுபடி எழுகிறது. மாறியது பலம் அல்ல, தராசின் தட்டு. பின்னணியில் மணம் இருக்கும்போது செல் தன் அளவுகோலை மேலே நகர்த்திக்கொள்கிறது. பின்னணிக்கு மேல் என்ன கூடியது என்பதைக் காட்டத் தயாராகிறது. நகர்த்தாவிட்டால், சற்றே பலமான பின்னணியிலேயே செல் உச்சத்தில் முட்டி நிற்கும். அதற்கு மேல் வரும் எதையும் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு விளைவும் இதிலிருந்து வருகிறது. தணிதல் செல்லுக்குள் நடப்பதால், தணிவது அந்தந்த ஏற்பியைத் தாங்கிய செல்கள் மட்டுமே. வண்ண வாடையில் ஊறிப்போன மூக்கு, புகையின் முதல் இழையை உடனே பிடித்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். புகைக்கு எழும் செல்களில் பல இதுவரை வேலையில்லாமல் இருந்தவை. இரண்டு மணங்கள் சில ஏற்பிகளைப் பங்குபோட்டுக்கொண்டால், ஒன்றுக்குத் தணிந்த மூக்கில் மற்றதும் சற்று மங்கும்.

இந்த ஏற்பாட்டை நம்பக் கூடாத இடங்களும் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது அழுகிய முட்டை வாடை அடிக்கும் வாயு, மிகக் குறைந்த செறிவிலேயே மூக்குக்குத் தெரியும். செறிவு பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டினால் இரண்டிலிருந்து பதினைந்து நிமிடங்களுக்குள் அந்த வாடை மறைந்துபோகிறது. இந்த அளவில் நடப்பது இதுவரை சொன்ன நாசூக்கான தணிதல் மட்டுமல்ல. வாயு மோப்பத் திசுவையே முடக்குகிறது. கழிவுநீர்த் தொட்டிகளுக்குள் இறங்குவோருக்கு மூக்கை நம்பாதீர்கள், அளவுமானியை மட்டும் நம்புங்கள் என்று பாதுகாப்பு விதிகள் சொல்வது இதனால்தான்.

விநாடிக் கணக்கில் நடக்கும் தணிதலுக்கு மேல் நிமிடக் கணக்கில் நீடிக்கும் ஒன்றும் உண்டு. பல்லி போன்ற உருவமுள்ள நீர்நில வாழியான சாலமாண்டரின் செல்களில் அதைக் கண்டார்கள். மணம் பட்ட செல் கார்பன் மோனாக்சைடை மிகச் சிறிய அளவில் தானே உண்டாக்குகிறது. அது சைக்ளிக் ஜிஎம்பி என்ற வேறொரு செய்தி மூலக்கூறைக் கூட்டி, சில நிமிடங்களுக்குச் செல்லின் உணர்திறனைக் குறைத்து வைக்கிறது. நாம் நச்சு என்று அறிந்த வாயுவைச் செல் செய்தி சொல்லப் பயன்படுத்துகிறது. பூச்சிகளின் மோப்பம் இதிலெல்லாம் சேராது. அவற்றின் ஏற்பியே அயனி வாயிலாகவும் இருப்பதால் தொடர் மிகக் குட்டை. தணிவதும் பெரும்பாலும் அந்த வாயிலில்தான்.

நிமிடங்களையும் தாண்டினால் மரபணுக்களின் எல்லை. ஜெனீவாவில் 2015-இல் வெளிவந்த ஆய்வில், சுண்டெலிகளை ஒரு மணத்தில் சில மணி நேரம் வைத்தால், அந்த மணத்துக்கு எழுந்த ஏற்பிகளின் ஆர்என்ஏ அளவு அந்தச் செல்களில் குறைந்தது. எந்த மணத்துக்கு எந்த ஏற்பி என்று கண்டுபிடிக்கவே இந்தக் குறைவை ஒரு வழியாகப் பயன்படுத்தினார்கள். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் குழு 2021-இல் இன்னும் ஒரு படி போனது. கூண்டின் மணச்சூழலை மாற்றி, சில நாள் கழித்து ஆயிரக்கணக்கான செல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. ஒவ்வொரு செல்லும், தன் ஏற்பி அந்தச் சூழலில் எவ்வளவு எழுப்பப்பட்டதோ அதற்கேற்ப, பல பத்து மரபணுக்களின் அளவை ஏற்றியும் இறக்கியும் வைத்திருந்தது. அவற்றில் அயனி வாயில்களுக்கும் கால்சியத்தைக் கையாள்வதற்கும் உரிய மரபணுக்களும் உண்டு. அந்த அளவுகளைப் பார்த்தே, அடுத்து ஒரு மணம் வந்தால் அந்தச் செல் எவ்வளவு உயரம் எழும் என்று முன்கூட்டிக் கணிக்க முடிந்தது. கூண்டை மாற்றியபோது, சில நாட்களில் அளவுகளும் புதிய சூழலுக்கு ஏற்ப நகர்ந்தன.